அங்கவடிக்குப் பக்கத்தில் ஒரு கீறல்

டனீடின், நியூசிலாந்து
8 மார்ச் 1964

அன்புள்ள தங்கை ஹெஸ்பாவுக்கு,

என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? பதினோரு வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் ‘நலம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டவன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று பயப்படாதே. யாரும் சாகவில்லை. காரியமாகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் காசு சேகரிப்போர் சங்கம் ஒரு புத்தகம் போடுகிறது. நூறு வருடத்துக்கு முன் உங்கள் தீவிலும் எங்கள் ஊர்களிலும் சில்லறைக்குத் திண்டாட்டம் வந்ததல்லவா? அப்போது மளிகைக்காரரும் துணிக்கடைக்காரரும் தங்கள் பெயரைப் போட்டு அடித்துக்கொண்ட செப்புக் கடைக்காசுகள் அத்தனைக்கும் பட்டியல். நம் கொள்ளுத்தாத்தா ஜேபஸ் வார்கோவின் பென்னிக் காசையும் சேர்க்கச் சொன்னேன். ஒரு பக்கம் ‘ஜே. வார்கோ, சேணக்கடை, லான்செஸ்டன்’, மறுபக்கம் குதிரை ஏறக் கால் வைக்கும் அங்கவடி. சங்கத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “வார்கோ, அந்தக் காச ஒங்க குடும்பத்தத் தவிர யாரும் பாத்ததில்ல. இப்ப ஒங்க கிட்டயும் இல்ல. அப்புறம் எப்படிய்யா சேக்கறது?” என்றார். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அறுபத்தேழு வயதில் பொய் சொல்லிப் பிடிபட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது.

அக்டோபர் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் காசு வேண்டும், அல்லது காசின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த படமாவது வேண்டும். அம்மாவின் அடக்கத்தன்று அது கணப்பு மாடத்திலிருந்து காணாமல் போனதும், நான் எல்லோர் முன்னாலும் உன் கணவரின் பெயரைச் சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. அதைக் கிளற வரவில்லை. அம்மா எப்போதாவது படம் எடுத்து வைத்திருந்தாளா என்று மட்டும் பார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் ஆம்ப்ரோஸ்


லான்செஸ்டன், டாஸ்மேனியா
2 ஏப்ரல் 1964

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். சளி இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது, ஆற்றுப் பனிமூட்டம் வேறு. முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. அந்தச் செங்குத்துத் தெருவை விட்டு வேறு வீடு பார் என்று சொன்னால் நீ கேட்கப் போவதில்லை.

ஆப்பிள் பறித்து முடிந்தது. க்ளெம் ரயில் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கோழிக்கூண்டுக்கு இரும்புக் கதவு செய்து மாட்டியிருக்கிறார், சிறைச்சாலையே தோற்றுவிடும். இப்போது காது மந்தம். நான் எதைச் சொன்னாலும், “என்னது, டீயா? குடு” என்கிறார்.

படம் எதுவும் கண்ணில் படவில்லை. தேடிப் பார்க்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம், சும்மாதான் கேட்கிறேன். ஒரு கடைக்காசு நிஜமானதுதானா என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அதன் நிறம் மாறிப்போயிருந்தால் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டீர்களா?

க்ளெம் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.
தங்கை ஹெஸ்பா


டனீடின்
19 ஏப்ரல் 1964

அன்புள்ள ஹெஸ்பா,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் தேவலை, உப்புதான் தீர்ந்துவிட்டது.

நீ காசைப் பற்றிக் கேட்டதும் எனக்கு வயது குறைந்துவிட்டது. கேள். முதலில் எடை. பிறகு விளிம்பு. பிறகு எழுத்துகள்: ஒரே கடைக்காரர் இரண்டு அச்சு வெட்டியிருந்தால், ஒன்றில் எழுத்தின் கால் படத்தைத் தொடும், மற்றதில் தொடாது. இதற்காகப் பூதக்கண்ணாடியோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்போம். மனைவிமார்கள் எங்களைப் பைத்தியங்கள் என்கிறார்கள். எனக்கு மனைவி இல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நிறமா? அதுதான் உயிர். நூறு வருடம் கைபட்டு, காற்றுப்பட்டு ஏறிய பழுப்பு அது. அதைத் துடைக்கவே கூடாது. சின்ன வயதில் உன் கையை எத்தனை முறை தட்டிவிட்டிருக்கிறேன், நினைவிருக்கிறதா? ஓமாருவில் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு தட்டு நிறையக் காசுக்குப் பித்தளை பாலிஷ் போட்டுவிட்டார். அத்தனையும் புதுச் சட்டி மாதிரி பளபளத்தது. அதற்குப் பிறகு சங்கத்தில் அவர் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நானும்தான் உட்காரவில்லை.

இதையெல்லாம் எதற்குக் கேட்டாய்?
அண்ணன் ஆம்ப்ரோஸ்


லான்செஸ்டன்
30 மே 1964

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதம். சளிதான் காரணம்.

அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டுக்குள் இந்தப் படம் இருந்தது. அங்கவடி இருக்கும் பக்கம் மட்டும்தான். எப்போதோ அம்மா எடுத்திருக்க வேண்டும். இது போதுமல்லவா? இனி காசைத் தேட வேண்டாம்.

எல்லோரும் நலம்.
ஹெஸ்பா


டனீடின்
14 ஜூன் 1964

ஹெஸ்பா,

உறையைப் பிரித்து அந்த அங்கவடியைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். நம் வீட்டு அங்கவடி! தலைவரிடம் ஓடிப்போய்க் காட்ட வேண்டும் என்று தொப்பியைக்கூட எடுத்துவிட்டேன்.

பிறகு தாளைத் திருப்பினேன்.

அது மாதா கோயில் துண்டறிக்கை. ‘ஈஸ்டர் பஜார், 1964, கேக்குகள் கொண்டு வருவோர் காலை ஒன்பதுக்குள் வரவும்.’ அம்மா இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

ஆகவே காசு அந்த வீட்டில்தான் இருக்கிறது. இந்த வருடம்தான் யாரோ அதன் மேல் பென்சில் ஓட்டியிருக்கிறார்கள். நான் அன்றைக்குச் சொன்னது சரி. அடக்கத்துக்கு முதல் நாள் அந்தக் காசைக் கையில் எடுத்து, “இதக் குடுத்தா கடையில ஒரு பீராவது ஊத்துவானா?” என்று கேட்டுச் சிரித்தவன் யார்? நீ அவனுக்காக அம்மாவின் பெயரில் பொய் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாய். அதுதான் எனக்கு வலிக்கிறது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிடச் சொல் க்ளெமிடம்.

ஆம்ப்ரோஸ்


டனீடின்
26 ஜூலை 1964

அன்புள்ள ஹெஸ்பா,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. இங்கே நல்ல குளிர், தெருவில் உறைபனி. தபால்காரர் என் வீட்டு மேட்டில் வழுக்கி விழுந்தார். அவர் பையில் உன் கடிதம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். பிறகுதான் கை கொடுத்துத் தூக்கினேன்.

போன கடிதத்தை நான் கொஞ்சம் ஆறப்போட்டுத் தபாலில் சேர்த்திருக்கலாம். சளி முற்றிவிட்டதா? ஒரு வரி போடு.

அண்ணன்


லான்செஸ்டன்
9 ஆகஸ்ட் 1964

மச்சான் ஆம்ப்ரோஸுக்கு,

க்ளெம் எழுதறேன். எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கோங்க. என் காது போச்சு, மத்தபடி ஆள் கிண்ணுனு இருக்கேன். நீங்க நல்லா இருக்கணும்.

ஹெஸ்பாவுக்குச் சளி இல்ல. ஒங்க கடிதம்தான். ரெண்டு மாசமா சரியாச் சாப்பிடல. கோழிக்கு ரெண்டு தடவ தீனி வெக்கிறா, எனக்கு ஒரு தடவ வெக்கக்கூட மறந்துடறா. அதான் பேனாவ எடுத்தேன்.

காசு என்கிட்ட இல்ல. என்னிக்கும் இருந்ததும் இல்ல. பீர் பத்திச் சொன்னது நான்தான். சாவு வீட்ல எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தீங்க, ஒரு சிரிப்பு வரட்டுமேனு சொன்னேன். வரல.

இன்னொண்ணு. அன்னிக்கு நீங்க ஹால்ல நின்னுக்கிட்டு, ஆணியில தொங்கின என் கோட்டு ரெண்டு பையிலயும் கைய விட்டுத் துழாவினீங்க. நான் கதவுப் பக்கம் டீத் தட்டோட நின்னேன். நீங்க பாக்கல. அன்னியிலேர்ந்து யார் வீட்டுக்குப் போனாலும் கோட்டு ரெண்டு பையையும் வெளிய இழுத்து விட்டுட்டுத்தான் மாட்டறேன். க்ளெம் தமாஷ் பண்றான்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் கூடச் சேந்து சிரிக்கிறேன். பதினோரு வருஷமாச் சிரிக்கிறேன் மச்சான், வாய் வலிக்குது.

காசு யார்கிட்டன்னு கேக்காதீங்க. நான் சொல்ல மாட்டேன்.

க்ளெம் டூலன்


லான்செஸ்டன்
11 ஆகஸ்ட் 1964

அன்புள்ள அண்ணாவுக்கு,

க்ளெம் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, எழுதியதை எனக்குச் சொன்னார். கோட்டு விஷயம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தமாஷ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இனி மறைக்க மாட்டேன்.

காசு என்னிடம் இருக்கிறது.

அடக்கத்தன்று காலை. அம்மா முன்னறையில் கிடத்தப்பட்டிருந்தாள். வருகிறவர்கள் வாசல் கதவைத் தட்டும் பித்தளை வளையத்தில் தங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பாளே, அந்த நினைவில் பாலிஷ் டப்பாவை எடுத்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது அண்ணா, இல்லாவிட்டால் கத்தியிருப்பேன். வளையம், மணி, மெழுகுவர்த்தித் தண்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து மாடத்துக்கு வந்தேன். கண்ணாடித் தட்டிலிருந்த காசையும் எடுத்துத் தேய்த்துவிட்டேன். இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. அழகாக இருக்கிறதே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் நீ என் கையைத் தட்டிவிட்டது ஞாபகம் வந்தது.

தையல் மிஷின் டிராயரில் ஒளித்தேன். நீ மாடத்தைப் பார்த்துவிட்டு க்ளெமின் பெயரைச் சொன்னபோது நான் ஸ்கோன் ரொட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அப்போதும் திறக்கவில்லை.

நீ கிளம்பிய மறுநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். “எழுதிப் போட்டுடு ஹெஸ்பா” என்றார். அடுத்த வாரம் என்றேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உனக்கு அட்டை எழுதும்போது எதிரில் வந்து உட்காருவார். நான் ‘நலம்’ என்று எழுதி உறையை ஒட்டுவதைப் பார்ப்பார். எழுந்து போய்விடுவார். நான்கைந்து வருடத்துக்குப் பிறகு வந்து உட்காருவதையும் நிறுத்திவிட்டார்.

தேய்த்தது மட்டுமில்லை, கீறியும் விட்டேன். அங்கவடிக்குப் பக்கத்தில் கொக்கி மாதிரி வளைந்து ஒரு கோடு இருக்கிறது. முன்னால் அது இல்லவே இல்லை. துணியில் மணல் ஒட்டியிருந்திருக்கும். படம் எடுத்தபோது அந்த ஓரத்தில் பென்சிலை ஓட்டாமல் விட்டுவிட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அவரை ஒன்றும் சொல்லாதே.

ஹெஸ்பா


டனீடின்
24 ஆகஸ்ட் 1964

ஹெஸ்பா,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. பதில் எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அதற்கு வருகிறேன், கட்டாயம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும், கேட்காவிட்டால் தூக்கம் வராது.

அந்தக் கோட்டின் மேல் குறுக்காக நகத்தை ஓட்டிப் பார். நகம் பள்ளத்தில் இறங்குகிறதா, மேட்டில் ஏறுகிறதா? கீறல் என்றால் இறங்க வேண்டும். நன்றாகப் பார்த்துச் சொல். வேறு ஏதாவது எழுத்துத் துணுக்கு தெரிகிறதா? மருந்துக் கடைத் தராசில் எடையும் போடு. ஒன்றும் தடவாதே. துணியால்கூடத் தொடாதே!

ஆம்ப்ரோஸ்


லான்செஸ்டன்
8 செப்டம்பர் 1964

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நெஞ்சைத் திறந்து கொட்டினேன், நீ நகத்தை ஓட்டச் சொல்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு க்ளெம் விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியா, ஒங்கண்ணனுக்கு ஒண்ணும் ஆகல. அப்படியேதான் இருக்கான்.” இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நானும் சிரித்தேன். சிரித்து முடித்துக் கொஞ்சம் அழவும் செய்தேன்.

என் நகத்துக்கு ஒன்றும் புலப்படவில்லை. க்ளெம்தான் வாங்கிப் பார்த்தார். நாற்பது வருடம் இரும்பைத் தடவிய கட்டைவிரல் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார். “ஏறுது. இது கீறல் இல்ல. பழைய காசு மேல புது அச்ச வெச்சு அடிச்சிருக்கான். அடி சரியா விழல, அடியில இருந்தது மசியாம நின்னுபோச்சு” என்றார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ‘வார்கோ’வுக்குக் கீழே மங்கலாக வேறு எழுத்துகள் தெரிவதைக் காட்டினார். கடைசி மூன்றும் ஓ, என், ஜி. நான் அந்தக் காசோடு வளர்ந்தவள். ஒரு நாளும் பார்த்ததில்லை. பழுப்பு மூடியிருந்தது போலும்.

எடை இருநூற்றுப் பதினெட்டு கிரெயின். மருந்துக் கடைக்காரர் இது என்ன மாத்திரை என்று கேட்டார்.

இப்போது காசைத் தையல் டிராயரில் வைக்கவில்லை. மாடத்திலேயே வைத்துவிட்டோம். உன் முழங்காலைப் பற்றி எழுதவே இல்லையே? க்ளெமுக்கு ஏதாவது சொல்வதாயிருந்தால் அவருக்கே எழுது. என் வழியாக வேண்டாம்.

ஹெஸ்பா


டனீடின்
4 அக்டோபர் 1964

அன்புள்ள மாப்பிள்ளை க்ளெமுக்கு,

என் முழங்கால் சுமார். ஹெஸ்பா சாப்பிடுகிறாளா? நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கல்யாணத்துக்குக்கூட அவள் பெயருக்குத்தான் வாழ்த்து அனுப்பினேன்.

முதலில் காசு. கோபித்துக்கொள்ளாதீர்கள், தைரியம் வரும்வரை எனக்குத் தெரிந்ததைப் பேசிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் எபனேசர் ஸ்ட்ராங் என்று ஒரு தேயிலைக்காரர் கடைக்காசு அடித்திருக்கிறார். அதன் மேல் ஒரு தேநீர்க் கெண்டி. எங்கள் சங்கத்தில் ஒன்று இருக்கிறது. அதன் எடை இருநூற்றுப் பத்தொன்பது. ஹெஸ்பா கீறல் என்று பதினோரு வருடம் பயந்துகொண்டிருந்தது அந்தக் கெண்டியின் மூக்கு. நூலகத்தில் பழைய பத்திரிகையைப் புரட்டினேன். ஸ்ட்ராங் கடையை மூடியபோது மிச்சமிருந்த காசுகளைப் பழைய செம்பாக ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். எடுத்தவர், ‘இவ்வூர்ச் சேணக்காரர் ஒருவர்’.

பர்மிங்ஹாமில் அச்சு வெட்டி, வைக்கோலில் பொதிந்து கப்பலில் வரவழைத்தார் என்று நம் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பீற்றிக்கொண்டோமே, அந்த ஜேபஸ் வார்கோ அடுத்த கடைக்காரரின் காசை வாங்கித் தன் கொல்லைப்புறத்தில் தன் பெயரை அடித்துக்கொண்டவர். கேட்டதும் தலைவர் எழுந்து நின்றுவிட்டார். கடைக்காசு மேல் கடைக்காசு எங்கள் யாருக்கும் இதுவரை கிடைத்ததில்லை. ஆறு வயதிலிருந்து நான் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். யாரையும் துடைக்க விடாமல் காத்து, உள்ளே இருந்ததைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன். பாலிஷ் போடுவது பாவம்தான், அதில் நான் மாறவில்லை. ஆனால் அந்தக் காலையில் ஹெஸ்பா தேய்த்திருக்காவிட்டால் உங்கள் கட்டைவிரலுக்கு வேலையே இருந்திருக்காது.

புத்தகத்தில் இப்படி வருகிறது: ‘ஜே. வார்கோ, சேணக்கடை, லான்செஸ்டன். பென்னி. ஸ்ட்ராங் தேயிலைக் கடைக் காசின் மேல் அடித்தது. கெண்டியின் மூக்கு தெரிகிறது. அறியப்பட்டது இது ஒன்றே. பாலிஷ் போடப்பட்டது. கண்டறிந்தவர்: க்ளெமென்ட் டூலன், லான்செஸ்டன்.’ நேற்று அச்சகத்துக்குப் போய்விட்டது, இனி நீங்கள் வேண்டாம் என்றாலும் மாற்ற முடியாது.

இப்போது மற்றது. உங்கள் கோட்டுப் பையில் கையை விட்டேன். ஒரு கைக்குட்டையும் ஹெஸ்பாவுக்கென்று வாங்கிய இருமல் மிட்டாயும் இருந்தன. மனைவிக்கு இருமல் மிட்டாய் வாங்கி வைத்திருக்கிற மனிதன் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நேரே எல்லோரும் இருந்த அடுக்களைக்குப் போய் உங்கள் பெயரைச் சொன்னேன். அது தப்பு. நான் செய்ததிலேயே பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி அங்கே வருகிறேன். காசைப் பார்க்க என்று ஹெஸ்பா சொல்வாள், சொல்லட்டும். கதவை நீங்கள் திறங்கள். என் கோட்டின் இரண்டு பையும் வெளியே இழுத்து விட்டபடிதான் தெருவில் நடந்து வருவேன். நீங்கள் பார்த்த பிறகு கோட்டைக் கழற்றி மாட்டுகிறேன். உங்கள் கோட்டுக்குப் பக்கத்து ஆணியை எனக்கு விட்டு வையுங்கள்.

உங்கள் மச்சான்,
ஆம்ப்ரோஸ்